ஓதல் பள்ளியில் ‘ஏன்?’ என்று கேட்கலாமா: பெற்றோரும் மௌலவிமாரும் என்னிடம் கேட்டவை

மன்னார் மாவட்டத்தில் முசலிப் பக்கத்து ஊரொன்றில் அஹதிய்யாவில், அதாவது ஞாயிறு மார்க்கப் பள்ளியில், படிப்பிக்கிறேன். பாடமெல்லாம் முடிந்த பிறகு கடைசி நாற்பது நிமிடம் ‘மசலா நேரம்’, அதாவது கேள்வி நேரம், என்று ஒன்று வைக்கிறோம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒரு கேள்வியை எடுத்து, யோசித்துப் பேசுவார்கள். அவ்வளவுதான். ஆனால் மற்றப் பாடங்களைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை, இந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். கடையில், கல்யாண வீட்டில், மன்னார் பஸ்ஸில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதைக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

அந்த நாற்பது நிமிடத்தில் என்னதான் நடக்கிறது?

முதலில் ஒரு கதை, அல்லது ஊரில் அந்த வாரம் நடந்த ஒரு விஷயம். அதைக் கேட்ட பிறகு பிள்ளைகளுக்குத் தோன்றும் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவேன், கேட்ட பிள்ளையின் பெயரோடு. பிறகு கை உயர்த்தி ஒன்றைத் தெரிவு செய்வார்கள். பேசுகிறவர் ‘ஏனென்றால்’ என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும். முன்னால் பேசியவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். இடையில் எண்ணம் மாறினால் ‘மாறிட்டுது’ என்று வெட்கமில்லாமல் சொல்லலாம்.

ஒரு வாரம் பேச்சு யானையில் தொடங்கியது. முதல் நாள் இரவு யானை புகுந்து ஒருவருடைய வாழைத் தோட்டத்தை மிதித்துவிட்டுப் போயிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று கேட்டாள்: “டீச்சர், யானைக்குப் பாவம் கிடைக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருவன், யானைக்கு வாழை யாருடையது என்று தெரியாது, அதனால் பாவமில்லை என்றான். அப்படியென்றால் தெரியாமல் செய்வதெல்லாம் பாவமில்லையா என்று இன்னொருத்தி மடக்கினாள். அப்போதுதான் தோட்டக்காரரின் மகன் வாயைத் திறந்தான். “இல்ல டீச்சர், யானைக்குத் தெரியும். மரத்த முறிச்சு கரண்ட் வேலிக்கு மேல போட்டுட்டுத்தான் உள்ள வந்தது. பிழை எண்டு தெரியாட்டி ஏன் வேலிய விழுத்தோணும்?” வகுப்பு அமைதியாகிவிட்டது. வேலி சுடும் என்று தெரிவதும், அடுத்தவர் பொருளை எடுப்பது பிழை என்று தெரிவதும் ஒன்றா? இருபது நிமிடம் அதிலேயே போனது. எனக்கும் அது புதுக் கேள்விதான்.

கடைசியில், மூன்று பேரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸை (நபிமொழியை) சொன்னேன், அவர்கள் செய்வது பாவமாக எழுதப்படாது என்று அர்த்தம்: விழிக்கும் வரை தூங்குபவர், பருவமடையும் வரை சிறுபிள்ளை, தெளியும் வரை புத்தி பேதலித்தவர். பரீட்சைக்காக அதைப் பாடமாக்கிய பிள்ளைகள் அன்றுதான் அந்த மூன்று பேருக்கும் பொதுவானது என்ன என்று தாங்களாகவே தேடினார்கள்.

இது வெளிநாட்டில் இருந்து வந்த முறையா?

ஒரு பாதி ஆம். அமெரிக்காவில் மத்தியூ லிப்மன் என்ற தத்துவப் பேராசிரியர், சிந்திக்கப் பழக்குவதைப் பல்கலைக்கழகம் வரை தள்ளிப்போட்டால் காலம் கடந்துவிடும் என்று நினைத்து, 1974இல் சிறுவர்களுக்கான தத்துவத்துக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். வட்டமாக உட்கார்வது, கேள்வியைப் பிள்ளைகளே தெரிவு செய்வது எல்லாம் அவர் வழி. மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரொஸ்னானி ஹாஷிம் அதை இஸ்லாமியக் கல்விக்குள் கொண்டுவந்து ‘ஹிக்மா’ என்று பெயர் வைத்தார். ஞானம் என்ற பொருளில் அல்குர்ஆன் பயன்படுத்தும் சொல் அது.

மறு பாதி நம்முடையது. தமிழில் இன்று முழுதாகக் கிடைக்கும் பழைய முஸ்லிம் இலக்கியம் எது தெரியுமா? 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய ஆயிரம் மசலா. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபி (ஸல்) அவர்களிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பதும் நபியவர்கள் பதில் சொல்வதும்தான் முழுக் காவியமும். தமிழ் முஸ்லிம் இலக்கியம் கண் திறந்ததே கேள்வியில் என்று நான் பெருமையாகச் சொல்வேன். வகுப்புக்குப் பெயரும் அங்கிருந்துதான் எடுத்தேன்.

தத்துவம் பேசினால் ஈமான் (இறைநம்பிக்கை) கெட்டுப்போகாதா? இமாம் கஸ்ஸாலியே தத்துவத்தை எதிர்த்தாரே?

அதிகம் வரும் கேள்வி இது. கவலையில் கேட்கிறார்கள், குறை சொல்ல அல்ல. அதனால் நின்று நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தத்துவவாதிகளை மறுத்து ஒரு முழு நூல் எழுதியது உண்மை. ஆனால் அந்த நூலை எப்படி எழுதினார்? அவர்களுடைய இருபது கருத்துகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அவர்களுடைய வாதத்தாலேயே உடைத்தார். அவற்றில் மூன்றை மட்டுமே குஃப்ர் (இறைமறுப்பு) என்றார். தர்க்கத்தை அவர் தள்ளவில்லை. உஸூலுல் ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டத்தின் அடிப்படைகள், பற்றிய தன் நூலின் முன்னுரையில், தர்க்கம் அறியாதவருடைய அறிவை நம்ப முடியாது என்ற அளவுக்குப் போகிறார். அவரை எடுத்துக்காட்டி ‘யோசிக்காதே’ என்று பிள்ளையிடம் சொல்வது பெரிய வேடிக்கை.

சரி, கஸ்ஸாலியை விடுவோம். ஸிஃபத்து இருபது, அதாவது அல்லாஹ்வின் இருபது பண்புகள் பற்றிய பாடம், நம் ஓதல் பள்ளிகளுக்குப் புதிதில்லை. இமாம் ஸனூஸியின் அகீதா (கொள்கை) நூல் வழி வந்தது அது. அந்த நூலின் தொடக்கமே அறிவின் தீர்ப்பு மூன்று வகை என்பதுதான்: வாஜிப், முஸ்தஹீல், ஜாயிஸ். இல்லாமல் இருக்க முடியாதது, இருக்கவே முடியாதது, இருக்கவும் இல்லாமல் போகவும் கூடியது. இதை விடத் தத்துவமான பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு? நாம் அதன் அரபுச் சொற்களைப் பாடமாக்கிவிட்டு, அந்தச் சொற்கள் கேட்கும் யோசனையை விட்டுவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலே இப்ராஹீம் (அலை). நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மறைவதை நான் விரும்பவில்லை என்று சொன்னதை சூரா அல்அன்ஆம் சொல்கிறது. சூரா அல்பகறாவில், இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டு என்று இறைவனிடமே கேட்கிறார். நீ நம்பவில்லையா என்று கேட்கப்பட்டதும், நம்புகிறேன், ஆனால் என் மனம் அமைதி அடைவதற்காக என்கிறார். அந்தக் கேள்விக்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நான்கு பறவைகளைக் கொண்டு அவருக்குக் காட்டப்பட்டது. பிள்ளை கேட்கும் ‘ஏன்’ பெரும்பாலும் இந்த இனம்தான். நம்பாமல் கேட்பதில்லை, மனம் அமைதியாக வேண்டும் என்று கேட்கிறது.

‘அல்லாஹ்வைப் படைத்தது யார்?’ என்று என் மகன் கேட்டான். வாயில் அடித்துவிட்டேன். பிழையா?

அடித்தது பிழை. பயந்தது பிழையில்லை.

இந்தக் கேள்வி வரும் என்று ஹதீஸிலேயே இருக்கிறது. இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார் என்று ஷைத்தான் கேட்டுக்கொண்டே போய், உன் இரட்சகனைப் படைத்தது யார் என்பான், அங்கே அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி நிறுத்திக்கொள்ளுங்கள் என்று புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருகிறது. வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) போய் முறையிட்டபோது, அதுதான் தெளிவான ஈமான் என்று நபியவர்கள் சொன்னதும் முஸ்லிமில் உண்டு. ஸஹாபாக்களுக்கு வந்த எண்ணம் உங்கள் மகனுக்கு வரக் கூடாதா?

நான் வகுப்பில் மண்வெட்டியை வைத்துப் பேசுவேன். எங்கள் ஊரில் மண்வெட்டி இரவல் வாங்காத வீடு இல்லை. உங்கள் கையில் இருக்கும் மண்வெட்டி யாருடையது? அடுத்த வீட்டு மாமியிடம் வாங்கினது. அவர் எங்கே வாங்கினார்? அவர் மச்சானிடம் இரவல். அவர்? அவரும் இரவல். இப்படி எல்லோருமே இரவல் வாங்கியவர்களாக, சொந்தக்காரர் என்று ஒருவருமே இல்லாமல் இருந்தால், மண்வெட்டி உங்கள் கைக்கு வந்திருக்குமா? பிள்ளைகள் உடனே ‘வராது’ என்பார்கள். அப்படியென்றால் எங்கோ ஒருவர் இரவல் வாங்காமல் வைத்திருக்க வேண்டும். அவரிடம் போய் ‘நீங்கள் யாரிடம் இரவல் வாங்கினீர்கள்?’ என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறதா?

இதற்குப் பிறகு ஹதீஸைச் சொன்னால் ‘நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்பதன் நியாயம் பிள்ளைக்கு விளங்குகிறது. வாயை மூடு என்பதாக அது கேட்பதில்லை. ஒரு தடவை ஒரு பையன், “சொந்தக்காரர் கடையில வாங்கியிருப்பார்தானே?” என்றான். உதாரணம் என்றால் எங்காவது ஓட்டை இருக்கும். அதையும் பேசினோம்.

எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்றால் நான் ஏன் படிக்க வேண்டும் என்கிறான்.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் களாகத்ர் (இறைவன் எழுதிய விதி) பற்றிய சந்தேகம் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

இதற்கு உமர் (ரழி) அவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. வன்னிப் பிள்ளைக்கு அதை விளக்கவே தேவையில்லை. ஷாம் நாட்டுக்கு (சிரியாப் பக்கம்) போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் என்று தெரிந்து அவர் திரும்ப முடிவெடுத்தார். அல்லாஹ்வின் கத்ரை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) கேட்டார். ஆம், அல்லாஹ்வின் கத்ரிலிருந்து அல்லாஹ்வின் கத்ருக்கே ஓடுகிறோம் என்றார் உமர். உம்மிடம் ஒட்டகங்கள் இருந்து, இரண்டு பக்கமுள்ள ஒரு பள்ளத்தாக்கில், ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது கத்ர்தானே என்று கேட்டார்.

ஒட்டகத்தை எடுத்துவிட்டு மாட்டைப் போட்டுப் பாருங்கள். மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு, கோடையில் காய்ந்த தரைக்கும் குளத்தடிப் புல்லுக்கும் வித்தியாசம் தெரியும். கத்ர் என்று சொல்லிக்கொண்டு காய்ந்த பக்கம் மாட்டை ஓட்டுகிறவனை வாப்பா என்ன சொல்வார் என்றும் தெரியும்.

இதோடு பிரச்சினை தீர்ந்துவிடாது. பெரிய வகுப்புப் பிள்ளைகள், பசுமையான பக்கத்தைத் தெரிவு செய்வதும் எழுதப்பட்டதுதானே என்று அடுத்த படிக்குப் போவார்கள். முஃதஸிலாக்கள், அஷ்அரிகள் என்ற இரண்டு இஸ்லாமியச் சிந்தனைப் பிரிவினரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய இடம் அது. பதினான்கு வயதில் அந்த வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான்.

என் மகளின் நெருங்கிய தோழி இந்துப் பிள்ளை. அவள் சொர்க்கம் போவாளா என்று அழுகிறாள். என்ன சொல்ல?

வன்னியில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். ஒரே பஸ்ஸில் போய், ஒரே பெட்டியில் சாப்பாடு பகிர்கிற பிள்ளைகள். இந்து, கத்தோலிக்கம், இஸ்லாம் என்று மூன்றும் ஒரு வாங்கில் உட்கார்ந்திருக்கும்.

முதலில், அழுகிற பிள்ளையிடம் வாதம் வேண்டாம். தோழிக்காக அழுவது நல்ல மனம் என்று மட்டும் சொல்லுங்கள். ஆறின பிறகு, இதை நம் பெரியவர்களும் யோசித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். கஸ்ஸாலி தன் ஃபைஸலுத் தஃப்ரிகா என்ற நூலில் முஸ்லிமல்லாதவர்களை மூன்றாகப் பிரிக்கிறார். நபியின் பெயரையே கேள்விப்படாதவர்கள். உண்மையான செய்தி தெளிவாக வந்தும் மறுத்தவர்கள். பெயரைக் கேட்டும் பொய்யும் திரிபுமாகவே கேட்டவர்கள். முதலாம் மூன்றாம் பிரிவினருக்கு மன்னிப்பு உண்டு என்பது அவர் கருத்து. எல்லா அறிஞரும் இதை ஏற்கவில்லை, அதையும் மறைக்காதீர்கள். ஒரு தனி ஆளைக் காட்டி இவர் இந்த இடத்துக்குத்தான் போவார் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த விஷயத்தை வகுப்பில் எடுத்தபோது பத்து வயதுக்காரி ஒருத்தி, “அவவுக்கு இஸ்லாம் எண்டா என்ன எண்டு என்னைப் பாத்துத்தானே தெரியும், அப்ப நான் சண்டை பிடிச்சா?” என்று கேட்டாள். கஸ்ஸாலியின் மூன்றாம் பிரிவை அந்தப் பிள்ளை தன் பக்கமிருந்து பிடித்துவிட்டாள்.

1990ஐப் பிள்ளைகளிடம் பேசலாமா?

நாங்கள் பேசாவிட்டாலும் வீட்டில் பேசப்படுகிறது. 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும், பெரும்பாலோர் புத்தளத்தில் அகதி வாழ்க்கை வாழ்ந்ததும், யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியதும் ஒவ்வொரு மூத்தம்மாவின் வாயிலும் இருக்கிறது. இப்போது ஓத வருகிற பிள்ளைகள் அதைக் காணவில்லை. அவர்களுக்கு அதிலிருந்து இரண்டு கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. எது எங்கட ஊர்? மன்னிக்கத்தான் வேணுமா?

முதலாவதைப் பேசினபோது பத்துப் பிள்ளை பத்து விடை சொன்னது. பிறந்த இடம், மௌத்தானவர்களை அடக்கிய மையவாடி உள்ள இடம், வாப்பாவின் காணி உள்ள இடம், கிரிக்கெட் விளையாடக் கூட்டாளிகள் உள்ள இடம்.

இரண்டாவதுக்கு யூசுஃப் (அலை) கதையை எடுத்தேன். கிணற்றில் போட்ட சகோதரர்களிடம், இன்று உங்கள் மீது பழி இல்லை என்று அவர் சொன்ன இடம். ‘மன்னிக்க வேண்டும்’ என்று பாடம் முடியும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒரு பையன் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பார்த்துவிட்டு, “டீச்சர், அதுக்கு முதல் அவங்க நாங்க பிழை செய்தம் எண்டு சொல்லிட்டாங்க” என்றான். உண்மைதான், முந்தின ஆயத் (வசனம்) அதுதான். பிழை என்று சொன்ன பிறகு மன்னிப்பதும், சொல்லாதவரை மன்னிப்பதும் ஒன்றா? மன்னித்தால் காணியைக் கேட்கக் கூடாதா? அன்று பிழை செய்யாத பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காக மன்னிப்புக் கேட்பது? நான் விடை சொல்லவில்லை. எனக்கு ஒரு விடை உண்டு, ஆனால் என் குடும்பமும் புத்தளம் போய் வந்தது என்பதால் என் விடையில் என் கோபமும் கலந்திருக்கும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்வேன். ‘அவங்கள்’ என்று பேச்சு தொடங்கினால் ‘யார்? எத்தனை பேர்?’ என்று கேட்பேன்.

மனனம் என்னவாகும்?

ஒன்றும் ஆகாது. ஓதல் ஓதல்தான். மனதில் கதையும் ஆயத்தும் இல்லாத பிள்ளைக்கு எதை வைத்து யோசிப்பது?

சாதாரண தரப் பரீட்சைக்கு உதவுமா?

நேரடியாக இல்லை. புள்ளிக்காக என்றால் கடந்தகால வினாத்தாள் செய்ய விடுங்கள்.

பிள்ளை கேட்பதற்கு எனக்கே விடை தெரியாவிட்டால்?

தெரியாது என்று சொல்லுங்கள். இமாம் மாலிக்கிடம் நாற்பத்தெட்டு கேள்விகள் கேட்கப்பட்டு, முப்பத்திரண்டுக்கு எனக்குத் தெரியாது என்றார் என்று நூல்களில் இருக்கிறது. நமக்கென்ன மரியாதைக் குறைவு?

ஆனால் ‘அல்லாஹு அஃலம்’ (அல்லாஹ்வே நன்கறிந்தவன்) என்ற சொல்லை எங்கே வைக்கிறோம் என்று பாருங்கள். அந்தக் கால அறிஞர்கள் ஆதாரங்களை எடுத்து வைத்து, வாதாடி, தங்கள் முடிவையும் எழுதிவிட்டு, கடைசி வரியில் அதை எழுதினார்கள். நாம் அதை முதல் வரியாக்கிப் பிள்ளையின் வாயை மூடப் பயன்படுத்துகிறோம்.

நானும் செய்திருக்கிறேன். படிப்பிக்கத் தொடங்கின வருடம், ஹிழ்ர் (அலை), மூஸா (அலை) அவர்களோடு பயணம் போகும்போது ஒரு சிறுவனின் உயிரை எடுக்கும் குர்ஆன் கதையை வைத்து, அவன் பெரியவனாகிச் செய்யப்போகும் பிழைக்கு முன்கூட்டியே உயிர் எடுக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி, மூஸா (அலை) அவர்களே பொறுக்க முடியாமல் கேட்டதும் அதைத்தான். நான் அவசரத்தில் ‘அல்லாஹு அஃலம், அடுத்த பாடம் எடுங்க’ என்றேன். அந்தத் தவணை முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும்.

பிறகுதான் இப்னு உமர் (ரழி) அவர்களின் ஹதீஸை வேறு கண்ணால் வாசித்தேன். முஸ்லிமுக்கு உவமையான, இலை உதிராத மரம் எது என்று நபியவர்கள் சபையில் கேட்கிறார்கள். எல்லோரும் காட்டு மரங்களாக நினைக்கிறார்கள். பேரீத்த மரம் என்று சிறுவர் இப்னு உமருக்குத் தோன்றுகிறது, ஆனால் பெரியவர்கள் இருக்கிறார்களே என்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். பிறகு தந்தை உமரிடம் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னின்னதை விட விருப்பமாக இருந்திருக்கும் என்றார். எங்கள் சபைகளில் விடை தெரிந்தும் பேசாமல் இருக்கிற பிள்ளை எத்தனை பேர்? அதிலும் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள்?

எந்த வயதில் தொடங்கலாம்?

ஏழு வயதில் கதையும் ‘நீ என்ன செய்வாய்?’ என்ற கேள்வியும் போதும். மண்வெட்டி போன்ற வாதங்கள் பத்துக்கு மேல். சிறியவர்களையும் பெரியவர்களையும் கலக்காதீர்கள், பெரியவர்கள் பேச சிறியவர்கள் தலையாட்டுவார்கள்.

எங்கள் ஊரில் தொடங்க என்ன வேண்டும்?

பாய், கரும்பலகை, வெண்கட்டி. பள்ளி நிர்வாகத்திடமும் மௌலவியிடமும் முதலே சொல்லிவிடுங்கள், முடிந்தால் மௌலவியையே முதல் நாள் வட்டத்தில் உட்கார வையுங்கள். எங்கள் மௌலவி எதிர்ப்பதற்காகத்தான் வந்தார். யானையின் பாவத்தைப் பற்றித் தன் கருத்தையும் சொல்லிவிட்டுத்தான் போனார். முதல் இரண்டு வாரம் ஒருவரும் பேச மாட்டார்கள், நீங்களும் பேசி நிரப்பாதீர்கள். அறுவடை மாதத்தில் தொடங்க வேண்டாம், பாதிப் பிள்ளைகள் வயலில் நிற்பார்கள்.